பிங்க் எச்செவேரியா பச்சையான கதை

மார்ச்ல பெங்களூர்ல இருந்து சென்னைக்கு வீடு மாறினப்போ ஏழு எச்செவேரியா தொட்டி கொண்டு வந்தேன். ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்கா இலை, ஓரமெல்லாம் பிங்க். ரெண்டே மாசத்துல எல்லாம் வெறும் பச்சை. வெயில் பத்தலைன்னு நினைச்சு மே மாசம் மொட்டை மாடிக்கு ஏத்தினேன். நாலு வெந்து போச்சு. கோட்ல பிழை வந்தா முதல்ல லாக் பார்க்கிற ஆளு நான். செடி விஷயத்துல அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன்.

எச்செவேரியாவுல பெரும்பாலானவைக்குச் சொந்த ஊர் மெக்சிகோ. அந்தச் சிவப்பு, ஆந்தோசயனின் என்ற நிறமி. நல்ல வெளிச்சமும் குளிர்ந்த இரவும் சேர்ந்தாதான் அது கூடும். அதோட, இந்தச் செடி இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடு எடுக்கிறதே பெரும்பாலும் ராத்திரியிலதான். சென்னையில மே மாச ராத்திரி 27, 28 டிகிரியிலயே நிக்கும். திணறிட்டிருந்த செடிக்கு நான் பாசமா தினமும் தண்ணி வேற ஊத்தினேன். இன்னும் ரெண்டு அழுகிடுச்சு.

மிச்சம் ஒண்ணு. இப்போ காலை வெயில் மட்டும் படுற கிழக்கு பால்கனியில இருக்கு. பாதிக்கு மேல பெர்லைட், மணல். மண்ணு முழுசா காஞ்சாதான் தண்ணி. இலை மேல இருக்கிற வெள்ளை மாவைத் துடைக்கிறதில்ல, அதுதான் அதோட சன்ஸ்க்ரீன். டிசம்பர்ல ஓரத்துல லேசா ஒரு பிங்க் கோடு தெரிஞ்சுது. ஆபீஸ் கால்ல இருந்தேன். மியூட் போட்டுட்டு ஓடிப் போய்ப் பார்த்தேன்.