மின்பொறியும் காலக் கணக்கும்



எங்கள் பாடசாலையின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு முன்னர், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் அனுமதி கேட்டு வந்தான். மோட்டார் வண்டியின் எரிபற்றற் சுருளைக்கொண்டு மின்பொறி உண்டாக்கிக் காட்டுவது அவன் எண்ணம். நானோ கலைப் பட்டதாரி. "12 வோல்ற்று மின்கலவடுக்கிலிருந்து 20,000 வோல்ற்று எவ்வாறு பிறக்கும்?" என வினவினேன்.

"மின்னோட்டம் பாயும்போதன்று, ஐயா, அறுபடும்போதே பிறக்கும்" என்றான்.

1831 இல் மைக்கேல் பரடே கண்ட உண்மை இதற்கு அடிப்படை. ஒரு சுருளில் மின்னோட்டம் மாறாது பாயும்வரை அயற்சுருளில் எதுவும் நிகழ்வதில்லை. தொடுக்கும்போதும் துண்டிக்கும்போதுமே அவரது கருவியின் ஊசி அசைந்தது. துண்டிப்பு எவ்வளவுக்கு விரைவானதோ, அவ்வளவுக்கு எழும் மின்னழுத்தமும் மிகும். பழைய வண்டிகளில் உலோகத் தொடுகைகள் திறந்து மூடி இவ்வேலையைச் செய்தன. மாணவன் அதற்கு 555 எனும் காலங்காட்டுஞ் சில்லைத் தெரிந்தெடுத்தான்.

இச்சில்லோடு இணைந்த கொள்ளளவி, தடையினூடாக மின்னேற்றம் பெறும். அதன் அழுத்தம் வழங்கலின் மூன்றிலிரு பங்கை எட்டியதும் இறங்கத் தொடங்கும்; மூன்றிலொரு பங்கில் மீண்டும் ஏறும். ஏற்றப் பாதையில் 1000 ஓம் தடையும் 10 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியும் இருப்பின், ஒவ்வோர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 7 மில்லிசெக்கன் செல்லும். அவ்வேளையிற் சுருள் காந்தசக்தியைச் சேர்த்துக்கொள்ளும். நேரம் குறைந்தாற் பொறி மெலியும். கூடினாற் சுருள் வீணே சூடேறும்.

சுருளுக்கு வேண்டிய சில அம்பியர் மின்னோட்டத்தைச் சில்லினால் நேரே தாங்க இயலாது. ஆதலால் இடையே ஒரு திரான்சிற்றரை வைத்தான். முதல் நாளே அது பழுதாயிற்று. துண்டிக்கும் கணத்தில் முதற்சுருளிலும் சில நூறு வோல்ற்று எழுவதை அவன் கணக்கில் எடுக்கவில்லை. பின்னர் விஞ்ஞான ஆசிரியரின் துணையோடு, அவ்வழுத்தத்தைத் தாங்கவல்ல திரான்சிற்றரையும் காப்பமைப்பையும் சேர்த்தான்.

சாதனத்தையே எரித்த அழுத்தம் பிள்ளைகளை என் செய்யும் என்று அஞ்சினேன். எனினும் மறுக்கவில்லை. பொறி தோன்றுமிடம் தடித்த கண்ணாடிப் பெட்டிக்குள் இருத்தல் வேண்டும். ஆளி எட்டத்தில் இருத்தல் வேண்டும். ஆசிரியர் அருகே நிற்றல் வேண்டும். வீட்டு மின்சாரத்தோடு எதையும் தொடுக்கலாகாது. இந்நான்கும் நான் விதித்த நிபந்தனைகள்.

கண்காட்சி நாளன்று, நீலப் பொறியைக் கண்ட சிறுவன் ஒருவன் பெட்டியை நோக்கிக் கை நீட்டினான். ஆசிரியர் அசையுமுன்னரே ஆளியை நிறுத்தியவன் அம்மாணவனே.