வாய்க்குள் வாழும் அமீபா



1849-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் குரோஸ் என்னும் ஆய்வாளர், பல்லில் படிந்திருந்த அழுக்கை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது நகரும் சிற்றுயிர் ஒன்றைக் கண்டார். மனித உடலில் கண்டறியப்பட்ட முதல் அமீபா அதுவே. எண்டமீபா ஜிஞ்சிவாலிஸ் என்பது அதன் இன்றைய பெயர்.

ஓரணு உயிரியாகிய அதன் அளவு, பொதுவாக மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வரையாகும். போலிக்கால்களை நீட்டி நகர்ந்து, பல்லுக்கும் ஈறுக்கும் இடையேயுள்ள பள்ளங்களில் அது வாழ்கிறது. பாக்டீரியாக்களை உண்பதோடு, நோயை எதிர்க்க வரும் வெள்ளணுக்களின் உட்கருவையும் விழுங்குகிறது.

ஈறு நோய்க்கு இதுவே காரணம் என்று 1914, 1915-ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் கருதி, எமட்டின் என்னும் மருந்தைக் கொடுத்தனர். பின்னர் அக்கருத்து கைவிடப்பட்டது. அமீபா வெறும் விருந்தாளி எனப்பட்டது. ஆயினும் 2020-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு, இது ஈற்றின் திசுவுக்குள் நுழைந்து அழற்சியைத் தூண்டுவதைக் காட்டியது. அறிவியல் தன் முடிவையே மீண்டும் சோதிக்கும் துணிவுடையது.

இது உமிழ்நீர் வழியாகப் பரவுகிறது. உடனே ஒருவர், "அப்படியானால் தேநீர்க் கடையில் தனிக்குவளை வைத்தது சரிதானே?" என்று கேட்கக்கூடும். அன்று! குடற்சீதபேதியை உண்டாக்கும் அமீபா கூடு கட்டிக்கொண்டு நீரில் பிழைத்திருக்கும். இதற்கு அத்தகைய கூடு இல்லையென்றே பாடநூல்கள் கூறுகின்றன. நன்கு கழுவி உலர்த்திய குவளையில் இதற்கு வாழ்வில்லை. ஆகவே நலவியல் வேண்டுவது எல்லோர் குவளையையும் ஒன்றுபோலக் கழுவுவதே. ஒரு சாராரின் குவளையை ஒதுக்கி வைப்பதன்று. இவ்வுயிர் ஈற்றின் நிலையைப் பார்க்கிறதேயன்றி, பிறப்பைப் பார்ப்பதில்லை. எச்சில் என்பது உடலின் செய்தி. தீண்டாமை என்பது மனிதர் கற்பித்த பொய். அப்பொய்யை அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு 1950-இலேயே ஒழித்தது. அதற்கு அறிவியலின் பெயரால் மீண்டும் உயிர் கொடுக்க எவரையும் அனுமதிக்கலாகாது.

மாணவர்களே! காலையும் இரவும் பல் துலக்குங்கள். பல்லிடுக்குகளையும் தூய்மை செய்யுங்கள். புகையிலையைத் தொடாதீர்கள். ஈற்றில் குருதி கசிந்தால், அதைச் சிறு குறையென்று புறக்கணியாமல் பல் மருத்துவரிடம் செல்லுங்கள். படிந்த கல்லை அகற்றினாலே இவ்வுயிரின் வாழிடம் சுருங்கும்.

உங்களுள் சிலர் நாளை நுண்ணோக்கியின் முன் அமர வேண்டும். கண்ணுக்குப் புலப்படாததைக் கண்டு சொல்லும் உரிமை அனைவருக்கும் உண்டு. அவ்வுரிமைக்கு வழி திறப்பதே கல்வி.