கரை திரும்பாதவரின் பங்கு

(இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளன்று வானொலியில் ஆற்றிய மறையுரை)



இன்று நவம்பர் 2. நம்மை விட்டுப் பிரிந்த விசுவாசிகள் அனைவரையும் திருச்சபை நினைவுகூரும் நாள். கல்லறைகளைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பூமாலை சாத்தி, மெழுகுதிரி ஏற்றியிருக்கிறோம். இவை நல்ல வழக்கங்கள். ஆனால் நினைவுகூர்தல் இதோடு முடிந்துவிடுவதில்லை என்பதை எங்களுக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் பாட்டா. குமரிக் கடற்கரையில் தாத்தாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

பாட்டா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். மீன்பிடிப்பது அவருக்குப் பிழைப்பு மட்டுமல்ல, உயிர். வீசுவது கொண்டலா கச்சானா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்த பிறகே மரத்தைத் தள்ளுவார். மீன் தங்கும் கடலடிப் பாறையைக் கண்டுபிடிக்க அவரிடம் கருவி எதுவும் இல்லை. கோவில் கோபுரத்தையும் அதன் பின்னே தெரியும் மலை உச்சியையும் ஒரே நேர்கோட்டில் பார்ப்பார். வேறொரு பக்கம் தென்னந்தோப்பையும் ஒரு குன்றையும் அப்படியே பார்ப்பார். இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் தூண்டிலை இறக்குவார். அதைக் கணிச்சம் என்பார். "சாமி, கோவில் கோபுரம் உங்களவிட எங்களுக்குத்தான் அதிகம் தேவைப்படுது" என்று பங்குத்தந்தையிடம் சொல்லிச் சிரிப்பார்.

மரம் கரையேறியதும், மீனை ஏலம் விடுமுன், உடன் போனவர்கள் ஒவ்வொருவரும் வீட்டுக் கறிக்குக் கொஞ்சம் மீன் எடுத்துக்கொள்வார்கள். பாட்டா தமக்குக் கிடைத்ததை மணலிலேயே இரண்டாகப் பிரிப்பார். ஒரு பாதி எங்கள் வீட்டுக்கு. மறு பாதி, அவரோடு ஒரே மரத்தில் தொழில் செய்து, ஒருநாள் கடலில் காணாமற்போன கூட்டாளியின் வீட்டுக்கு. அந்தக் கூட்டாளிக்குக் கல்லறை கிடையாது. மீன் குறைந்த நாள்களில், "நம்ம பிள்ளைகளுக்கே காணாதே" என்று பாட்டி முணுமுணுப்பார். பாட்டாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: "அவன் இன்னும் கரைக்கு வரல, அவ்வளவுதான். வராதவனுக்குப் பங்கு இல்லேன்னு யாரு சொன்னா?"

அன்பர்களே, மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தில் யூதா மக்கபே என்ன செய்தார்? போரில் மடிந்த தம் வீரர்களுக்காக அழுததோடு நிற்கவில்லை. உயிரோடிருந்தவர்களிடம் ஏறக்குறைய 2,000 வெள்ளிக்காசு திரட்டி, இறந்தோருக்காகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்பினார். உயிர்த்தெழுதலை நம்பியதால்தான் அப்படிச் செய்தார் என்று மறைநூல் அவரைப் பாராட்டுகிறது. இறந்தவர் இல்லாமற்போய்விட்டார் என்றால் அவருக்குப் பங்கு எதற்கு? இருக்கிறார் என்று நம்புகிறவர்தான் பங்கு வைப்பார். புனிதர்களின் சமூக உறவை விசுவசிக்கிறோம் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோமே, பாட்டா அதை ஓலைப்பெட்டியில் மீனாக வைத்துக் கொடுத்துவிட்டார்.

2017 நவம்பர் 30. மீனவராக இருந்து திருத்தூதரான புனித அந்திரேயாவின் திருநாள். அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டிப்போட்டது. ஆழ்கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. அப்போது பாட்டா நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்தார். விடிந்ததும், "இன்னைக்கு யாரு வந்தா?" என்று கேட்பார். வந்தவர்களின் பெயரைச் சொன்னால் சிலுவை அடையாளம் போடுவார். வராதவர்களின் பெயரைச் சொன்னால், "அவன் வீட்ல அடுப்பு எரியுதா? போய்ப் பாருங்க" என்பார். அடுத்த தவக்காலத்தில் பாட்டாவும் இறைவனடி சேர்ந்தார். வீடும் ஒரு பழைய வலையும் தவிர அவர் எங்களுக்கு விட்டுச்சென்ற சொத்து அந்தக் கேள்விதான்.

யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில் உயிர்த்த ஆண்டவர் எங்கே நிற்கிறார்? கரையில். இரவெல்லாம் உழைத்தும் ஒன்றும் கிடைக்காத சீடர்களுக்காகக் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். தம்மிடம் மீன் இருந்தும், அவர்கள் பிடித்ததிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். உடல் கிடைக்காத மகனுக்காக இன்றும் அழும் தாயே, நம் கண்ணுக்குத் தெரியும் கரை மட்டுமே கரை அல்ல. அந்தக் கரையில் நிற்பவர் உன் மகனைப் பெயர் சொல்லி அறிவார்.

ஆகவே, இந்த நவம்பர் மாதத்தில் நம் முன்னோரின் பெயரால் திருப்பலி ஒப்புக்கொடுப்போம். செபமாலை சொல்லும்போது கல்லறை இல்லாதவர்களையும் நினைப்போம். அதோடு ஒரு பங்கையும் எடுத்து வைப்போம். கடற்கரையில் அது மீனாக இருக்கலாம். வயல்காட்டில் ஒரு மரக்கால் நெல்லாக இருக்கலாம். நகரத்தில் ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணமாக இருக்கலாம். நம் தெருவிலேயே ஆள் திரும்பாத வீடு ஒன்று இருக்கும். அங்கே அடுப்பு எரிகிறதா என்று போய்ப் பார்ப்போம்.

இறந்தோர் அனைவரையும், கடல் கொண்டுபோனவர்களையும், இறைவன் தம் ஒளியின் கரையில் சேர்த்துக்கொள்வாராக. ஆமென்.