போண்டாவும் அளவு நாடாவும்



சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம் நலச்சங்கங்களின் இந்தக் கூட்டத்துக்குள் நுழையும்போதே ஒரு தட்டில் மைசூர்பாகும் போண்டாவும் வைத்துக் கொடுத்தார்கள். எனக்குப் பேசக் கொடுத்த தலைப்போ மெட்டபாலிக் சிண்ட்ரோம்! போண்டாவை நான் சாப்பிட்டுவிட்டேன். ஆகவே உபதேசம் செய்கிற தகுதி போய்விட்டது. கணக்கு மட்டும் சொல்கிறேன்.

இது ஒற்றை நோயல்ல, ஒரு கூட்டணி. இடுப்புச் சுற்றளவு நம்மூர் ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. ரத்த அழுத்தம் 130/85. வெறும் வயிற்றில் சர்க்கரை 100. டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு 150. இவற்றைத் தொட்டாலே ஆபத்து. ஐந்தாவதாக நல்ல கொழுப்பு குறைவது. ஐந்தில் மூன்று சேர்ந்தால் ஆட்சி அமைந்துவிட்டது என்று பொருள். நாமோ "எல்லாம் பார்டர்லதான் இருக்கு" என்று ரிப்போர்ட்டை மடித்து பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

இதற்கு வைத்தியம் வாழும் முறையில்தான் தொடங்குகிறது, நம் ஊருக்கு அது புதிதுமல்ல. நம் ரயில் நிலையத்தின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள், தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோய்க்கு மருத்துவமனை தொடங்கியபோது அதற்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிக்கப்படவில்லை. நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு, அளவான உழைப்பு, இவைதான் மருந்து. வாழும் முறையை வைத்தே வைத்தியம் பார்த்த ஊர் இது. மாத்திரைகள் வந்த பிறகு, 1959-இல், சென்னையில் நடந்த ஓர் ஆய்வு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால், வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம், சானடோரியத்தில் படுக்க வேண்டியதில்லை என்று காட்டியது. வைத்தியம் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டது. நம் தொப்பைக்கான வைத்தியம் மட்டும் ஏன் இன்னும் டாக்டரின் மேசையில், "வெயிட்டைக் குறைங்க" என்ற ஒரு வரியாகவே கிடக்கிறது?

அந்த ஒரு வரி போதாது என்பதற்கும் சென்னையே சாட்சி. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற, உடல் பருமனான 578 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான ஆலோசனை. மறுபாதிக்கு வாரம் ஒரு வாழ்க்கை முறை வகுப்பு, பதினாறு வாரம். தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மின் மாத்திரையும் உண்டு. மூன்று ஆண்டில் முதல் பாதியில் நூற்றுக்கு 35 பேர் சர்க்கரை நோயாளியானார்கள். இரண்டாவது பாதியில் 26 பேர்தான். 2016-இல் வெளிவந்த முடிவு இது.

இதைவிட எனக்குப் பிடித்தது சென்னை திருமங்கலம் ஆசியாட் காலனிக் கதை. 1996-இல் சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகன் குழுவினர் அங்கே ஆய்வுக்குப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், எச்சரித்தார்கள். காலனிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்கா கட்டிவிட்டார்கள்! வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் அங்கே முன்பு நூற்றுக்கு 14 பேர். பிறகு 59 பேர். மனிதர்கள் அதே மனிதர்கள்தான், ஐயா! நடக்க ஓர் இடமும், கூட நடக்க நாலு பேரும் கிடைத்தார்கள்.

நமக்குப் பூங்கா கட்டக்கூட வேண்டாம், ஏரிக்கரை இருக்கிறது. அங்கே விளக்கு எரிகிறதா, இரவு ஏழு மணிக்கு ஒரு பெண் தனியாக நடக்க முடியுமா என்று 2021-இல் பிறந்த நம் தாம்பரம் மாநகராட்சியிடம் கேட்போம். மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிப்டு முடிந்து வருகிறவரிடம் காலை ஐந்து மணிக்கு எழுந்து நடங்கள் என்றால் சிரிப்பார். அவருக்கு மாலை வகுப்பு வையுங்கள். வகுப்புக்குக் கணவரை மட்டும் அனுப்பிப் பயனில்லை, மனைவியும் வரட்டும். அரிசியைக் குறைத்துக் காயும் பயறும் கூட்டுவது குடும்பமே சேர்ந்து எடுக்கிற முடிவு. "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே?" என்று கேட்கிற அம்மாவுக்குத்தான் பல வீடுகளில் முதலில் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நாமும் இப்படி ஒரு வகுப்பு வைப்போம்: பதினாறு வாரம், இருபது இருபது பேராக. இந்த மாதமே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். வாசல் பக்கம் மேசையில் தையல்காரரின் அளவு நாடா ஒன்றும் நோட்டுப் புத்தகமும் இருக்கின்றன. சட்டைக்கு மேலே அளக்கக் கூடாது. வயிற்றை எக்கக் கூடாது, முக்கியமாக ஆண்கள். முதல் பெயர் என்னுடையது. அளந்தாகிவிட்டது: 97.