ஒட்டும் நீர், ஒட்டாத இலை

(ஒன்றிய அளவிலான ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



‘ஒரே வகை மூலக்கூறுகளுக்கு இடையே உள்ளது ஓரினக் கவர்ச்சி, வெவ்வேறு வகை மூலக்கூறுகளுக்கு இடையே உள்ளது வேற்றினக் கவர்ச்சி.’ இந்த இரண்டு வரிகளை நம் பிள்ளைகள் பிழையில்லாமல் எழுதிவிடுவார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ‘சரி, ஏன் கவர்கிறது?’ என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். பெயர் தெரிந்தவுடன் காரணமும் தெரிந்துவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இதைத் தாண்டுவதற்கு வகுப்பில் நான் செய்வதை அதே வரிசையில் சொல்கிறேன்.

முதலில் ஒரு ரூபாய் நாணயமும் மை ஃபில்லரும் போதும். நாணயத்தின் மேல் எத்தனை சொட்டு நிற்கும் என்று ஊகித்து எழுதச் சொல்வேன். பெரும்பாலோர் ஐந்து, ஆறு என்றே எழுதுவார்கள். சொட்டவிட்டு எண்ணினால் இருபதைத் தாண்டிப் போகும். நீர் குவிந்து நிற்கும். சோப்பு நீரில் தோய்த்த குச்சியால் அதைத் தொட்டால் உடனே வழிந்துவிடும். அதுவரை நீரைப் பிடித்து வைத்திருந்தது எது என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

அதன்பிறகுதான் கரும்பலகை. நீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். மூன்றும் நேர்கோட்டில் இல்லை, சுமார் 104.5 டிகிரி கோணத்தில் வளைந்திருக்கின்றன. பங்கிட்டுக்கொண்ட எலக்ட்ரான்களை ஆக்சிஜன் தன் பக்கம் கூடுதலாக இழுக்கிறது. அதனால் ஆக்சிஜன் பக்கம் சிறிது எதிர்மின் தன்மை, ஹைட்ரஜன் பக்கம் சிறிது நேர்மின் தன்மை. ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கம் அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனை ஈர்க்கிறது. இதுவே ஹைட்ரஜன் பிணைப்பு. இது பசைபோல் நிலையானதன்று. ஒரு வினாடியை லட்சம் கோடி கூறாக்கினால், அதில் சில கூறுகளுக்குள் அறுந்து, வேறொரு மூலக்கூறோடு சேர்ந்துகொள்கிறது. அதனால்தான் நீர் சேர்ந்தும் இருக்கிறது, ஓடவும் செய்கிறது.

அடுத்து இரண்டு கண்ணாடி ஸ்லைடுகள். ஒன்றை நன்கு கழுவ வேண்டும். மற்றொன்றில் மெழுகுவத்தியைத் தேய்க்க வேண்டும். கழுவிய கண்ணாடியில் சொட்டு பரவும். மெழுகின் மேல் திரண்டு நிற்கும். கண்ணாடியின் பரப்பிலும் ஆக்சிஜனும், அதோடு இணைந்த ஹைட்ரஜனும் உள்ளன. நீர் தன் இனத்தைப் பற்றுவதுபோலவே அவற்றையும் பற்றிக்கொள்கிறது. மெழுகில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே; பற்றிக்கொள்ள அங்கே மின்தன்மை ஏறத்தாழ இல்லை. பெயர்கள் இரண்டானாலும் காரணம் ஒன்றே என்பது இங்கே பிள்ளைகளுக்குப் புரியும்.

“அப்போ தாமரை இலை, டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த இலையின் மேலும் மெழுகுதான். கூடவே கண்ணுக்குத் தெரியாத நுண்மேடுகளும் உண்டு. அவற்றின் இடையே காற்று தங்கிவிடுவதால் சொட்டு இலையைத் தொடும் பரப்பு மிகக் குறைவு. ஆகவே உருண்டோடுகிறது.

பத்தாம் வகுப்புக்கு மரத்தை எடுத்துக்கொள்ளலாம். நுண்புழை ஏற்றத்தால்தான் உச்சிவரை நீர் ஏறுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். கணக்குப் போடச் சொல்லுங்கள். 0.05 மி.மீ. ஆரமுள்ள குழாயில் நீர் ஏறத்தாழ 30 செ.மீ. உயரமே ஏறும். 20 மீட்டர் தென்னைக்கு அது எப்படிப் போதும்? இதற்கான விளக்கத்தை டப்ளினைச் சேர்ந்த டிக்சனும் ஜோலியும் 1894-இல் முன்வைத்தார்கள். இலையிலிருந்து நீர் ஆவியாகும்போது மேலிருந்து இழுவிசை உண்டாகிறது. ஓரினக் கவர்ச்சியால் நீர்த்தம்பம் அறுபடாமல் சங்கிலிபோல் மேலே வருகிறது. வேற்றினக் கவர்ச்சி அதைச் சைலக் குழாயின் சுவரோடு பிடித்துவைக்கிறது. நாணயத்தில் பார்த்த அதே விசைதான் தென்னையிலும் வேலை செய்கிறது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் மூலக்கூறு வரை போக வேண்டியதில்லை. குழந்தைகள் ஊகித்து, எண்ணி, பார்த்ததைச் சொன்னாலே போதும். உயர்நிலை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்புத் தேர்வில் ‘ஓரினக் கவர்ச்சி என்றால் என்ன?’ என்பதற்குப் பதிலாக, ‘மெழுகு தேய்த்த கண்ணாடியில் நீர்ச்சொட்டு ஏன் திரண்டு நிற்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் வராத பிள்ளைகளில் சிலர் அதற்குத் தங்கள் சொந்த வார்த்தையில் சரியான விடை எழுதுவார்கள். அந்த விடைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.