பழக்கப்பட்டவர்கள்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெள்ளைக்காரன் நமக்கு நல்லது செஞ்சானா கெட்டது செஞ்சானா என்கிற சண்டை நம்ம கூட்டங்களில் ஓயாமல் நடக்கிறது. பள்ளிக்கூடம் திறந்தான், பட்டாளத்தில் சேர்த்தான் என்று ஒரு தரப்பு. ஏகாதிபத்தியம் என்று ஒரே வார்த்தையில் முடிக்கிற தரப்பு இன்னொன்று. நான் ஒரு புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஜெயில் மேனுவல், அதாவது சிறைக் கையேடு.

உத்தரப்பிரதேசக் கையேட்டில் ஒரு விதி இருந்தது. வெறுங்காவல் கைதியை இழிவான வேலை செய்யச் சொல்லக்கூடாது. அப்படிப்பட்ட வேலைக்குப் பழக்கப்பட்ட சமூகத்தவர் என்றால் சொல்லலாம். மேற்கு வங்கக் கையேடு சாதிப் பெயரையே சொன்னது. துப்புரவுக்கு மேத்தர், ஹாரி சாதிகளிலிருந்து ஆள் எடு. வெளியே இருக்கும்போது அந்த மாவட்ட வழக்கப்படி அதே வேலையைச் செய்கிறவர்கள் என்றால் சண்டாளரையும் எடுக்கலாம். நீதிபதி கொடுத்த தண்டனைக்கு மேல இது தனித் தண்டனை.

மனுவிலிருந்து வந்தது என்று உடனே சொல்லிவிடுவோம். அது பாதிதான். 1840களில் வங்காள மாகாணச் சிறைகளில், கைதிகள் தனித்தனியாகச் சமைப்பதை நிறுத்திப் பொதுச் சமையல் கொண்டுவரப் பார்த்தார்கள். சமத்துவ ஆசை ஒன்றும் இல்லை, ஒழுங்கும் கட்டுப்பாடும்தான் கணக்கு. எதிர்ப்பு கிளம்பியது. 1855இல் பித்தளைச் சொம்பைப் பிடுங்கி மண்பாத்திரம் கொடுத்தார்கள். மண்பாத்திரத்தில் பட்ட தீட்டு கழுவினாலும் போகாதாம். ஆரா, முசாபர்பூர் சிறைகளில் கலகம். முசாபர்பூரில் ஊரே திரண்டு வந்தது. அரசாங்கம் பணிந்து சொம்பைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டே வருஷத்தில் 1857. சாதி இந்துவின் சமையலில் கை வைக்கக்கூடாது என்று கம்பெனிக்காரனுக்கும் அவனுக்குப் பிறகு வந்த ராணி அரசாங்கத்துக்கும் நன்றாகவே புரிந்துபோனது. மலம் அள்ளிய கைதிக்காக எந்த ஊர் திரண்டது?

அப்புறம் 1894 சிறைச் சட்டம், மாகாணக் கையேடுகள். 1947க்குப் பிறகும் அந்தப் பக்கங்கள் கிழிபடவில்லை. அதிகாரி சொல்லுவார், "நான் சாதி பாக்கறவன் இல்லீங்க, ரூல் அப்படி இருக்கு". கையெழுத்துப் போட அவருக்கு யார் மேலேயும் வெறுப்பு தேவையில்லை. ஊர் வழக்கம் ஆபீஸ் விதியாக மாறினால் வருகிற வசதி இது. ஊரில் ஆண்டையை முகத்துக்கு நேரே கேட்கலாம். ஆபீஸில் மனு எழுதிக் கொடுத்துட்டு நிக்கணும்.

நம்ம ஆளுங்களும் இதுக்குள்ளதான் இருக்கோம். நகராட்சித் துப்புரவு வேலை நிரந்தரம், பென்ஷன் உண்டு என்று தலைமுறையாகப் பற்றிக்கொண்ட குடும்பங்கள் எத்தனை! அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஊர் கொடுக்காத மாதச் சம்பளத்தை நகராட்சி கொடுத்தது. ஆனால் அரசாங்க வேலைக்கு அடித்துக்கொள்கிற ஊரில் அந்த ஒரு வேலைக்கு மட்டும் எல்லாச் சாதிக்காரனும் ஏன் வரிசையில் நிற்கவில்லை? இப்போ பல ஊர்களில் காண்டிராக்ட் வந்து, பென்ஷன் போய், வேலை மட்டும் நம்ம தலையில் நிற்கிறது.

பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்சநீதிமன்றம் இந்தச் சிறை விதிகளைச் செல்லாது என்றது. கையேடுகளை மூன்று மாதத்தில் திருத்தச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாக அடைத்ததும் தீர்ப்பில் வருகிறது. கலவரம் வராமல் தடுக்கத்தான் என்கிற நியாயம் எடுபடவில்லை. பெரியார் மண் என்று மேடை போடுகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஒருதரம் படிக்கலாம்.

பதிவேட்டில் சாதிக் கலத்தையும் நீக்கச் சொல்லியிருக்கிறது. எனக்கு இங்கேதான் உறுத்தல். கலம் போய்விடும், பழக்கம் போகுமா? வார்டருக்குப் பேரும் ஊரும் தெருவும் போதுமே, ஆளைக் கழிப்பறைக்கு அனுப்ப. நாளைக்கு நாம் கோர்ட்டுக்குப் போனால் எந்தக் காகிதத்தைக் காட்டுவது? சட்டம் படிக்கிற தம்பி தங்கைகள் இருக்கீங்க. இதுக்கு என்ன வழின்னு இப்பவே பேசுவோம்.