வி.பி.என். போட்டால் யாருக்கும் தெரியாதா?

 

நெட்வொர்க் வேலையில் இருக்கிறவன் என்று தெரிந்தாலே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, போன்ல இலவச வி.பி.என். போட்டிருக்கேன். இனிமே நான் என்ன பார்க்கிறேன்னு யாருக்கும் தெரியாதில்ல?" தெரியும் அண்ணே. தெரிகிற ஆள்தான் மாறுகிறார்.

அந்தக் காலத்து ஹாஸ்டலில் வார்டன் கண்ணில் படாமல் கடிதம் போட, டே ஸ்காலர் நண்பனிடம் கொடுத்து அனுப்புவார்களாம். யாருக்கு எழுதினோம் என்பது வார்டனுக்குத் தெரியாது; நண்பனுக்குத் தெரியும். வி.பி.என். செய்வதும் இதேதான். நாம் போகும் தளங்களை இன்டர்நெட் கம்பெனியிடமிருந்தும், ஓட்டல் வைஃபைக்காரரிடமிருந்தும் மறைக்கும். அந்தத் தளங்களுக்கு நம் ஐ.பி. முகவரிக்குப் பதில் தன்னுடையதைக் காட்டும். கடிதத்தின் உள்ளே இருப்பதோ பெரும்பாலும் எச்.டி.டி.பி.எஸ். என்ற ஒட்டிய உறைக்குள் ஏற்கெனவே பத்திரமாகத்தான் போகிறது. பேங்க் பாஸ்வேர்டுக்காக வி.பி.என். வாங்க வேண்டியதில்லை.

சரி, அந்த நண்பன் யோக்கியனா? 2013-ல் ஃபேஸ்புக் வாங்கிய ஒனாவோ கம்பெனியின் இலவச வி.பி.என்., தகவலைப் பாதுகாப்பதாகச் சொல்லிக்கொண்டே, ஜனங்கள் எந்தெந்த ஆப்பை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று ஃபேஸ்புக்கிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. 2019-ல் அதை மூடினார்கள். இதை வாடிக்கையாளரிடம் சரிவரச் சொல்லாததற்காக 2023-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

நம் நாட்டில் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் உத்தரவு வந்தது: வி.பி.என். கம்பெனிகள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐ.பி. விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். அலுவலக வி.பி.என்.களுக்கு மட்டும் விலக்கு. பெரிய கம்பெனிகள் சில இங்கிருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன.

அப்புறம், கூகுளில் லாகின் செய்துவிட்டு வி.பி.என். போடுவது, முகமூடி மாட்டிக்கொண்டு வருகைப் பதிவேட்டில் சொந்தக் கையெழுத்துப் போடுவது மாதிரி. ஓ.டி.பி. கேட்டு வரும் மோசடிக்காரனையும் அது தடுக்காது.

வெளியூர் வைஃபைக்கு வேண்டுமானால், வெளியார் தணிக்கை நடந்த கம்பெனியாகப் பார்த்துக் காசு கொடுத்தே வாங்குங்கள். யார் நடத்துகிறார்கள் என்றே தெரியாத இலவச வி.பி.என்.களை இன்றே எடுத்துவிடுங்கள். எந்த ஆப்புக்கெல்லாம் லொகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். தெரியாதவர்கள் சாப்பாட்டு நேரத்தில் போனோடு என்னிடம் வரலாம். பாஸ்வேர்டை மட்டும் என்னிடமும் சொல்லிவிடாதீர்கள்!